பற்றும் பற்றறுதியும்: மணிமேகலை காட்டும் தியான நெறி

பற்றறுத்தல் என்பது உணர்ச்சிகளை அடக்கி ஒடுக்குதலே எனப் பலர் கருதுவர். மணிமேகலையின் இறுதிக் காதை வறண்டதொரு சமயப் பட்டியலே என்பாரும் உளர். முதற் கருத்துத் திருந்தின் இரண்டாவதும் தானே நீங்கும் என்பது எம் துணிபு. அதனை ஈண்டு விளக்குவாம்.

அக் காதை பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என 12 நிதானங்களை முறைப்படக் கூறுகின்றது. ஒன்பதாவதாகிய பற்றினைப் பாலி நூல்கள் உபாதானம் என வழங்கும். அச்சொல் இறுகப் பிடித்தலையும் எரிபொருளையும் ஒருங்கே குறிப்பது. தமிழிலும் கை பற்றும்; தீயும் பற்றும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தமை கருதத்தக்கது. கயாசீசத்தில் நிகழ்த்திய பேருரையில் புத்தர், ஐம்பொறியும் மனமும் காமம், வெகுளி, மயக்கம் என்னும் முத்தீயால் எரிகின்றன என்றார். எரிபொருள் அற்ற வழித் தீ அவியும். அவ் அவிதலே நிப்பானம்.

எரிபொருளை நீக்கும் இடம் யாது? வாயில் உளதாயின் ஊறு உளதாகும். ஊறு உளதாயின் நுகர்வு உளதாகும். இவற்றைத் தடுத்தல் அரிது. ஆயின் நுகர்வு வேட்கையாக மாறியே தீரும் என்னும் கட்டாயமில்லை. தியானம் தொழிற்படும் இடம் இதுவே. பாலி மச்சிம நிகாயத்தின் 10ஆம் சுத்தமாகிய சதிபட்டானம், உடல், நுகர்வு, உள்ளம், தருமங்கள் என்னும் நான்கினையும் விழிப்புடன் நோக்கப் பணிக்கின்றது. இன்பம் தோன்றின் ‘இஃது இன்பம்’ என அறிதல்; துன்பம் தோன்றின் ‘இஃது துன்பம்’ என அறிதல்; தோன்றியது மறைதலையும் காணுதல். இங்கு உணர்ச்சி ஒடுக்கப்படுவதில்லை, அறியப்படுகின்றது. மறைவது எனக் கண்டதனைக் கை தானே நெகிழவிடும்.

இதற்குக் காப்பியத்துள்ளேயே சான்று உண்டு. உவவனத்தில் உதயகுமரன் நீங்கிய பின்னர், தன்னை இழித்துரைத்த அவன்பால் தன் நெஞ்சம் சென்றதை மணிமேகலை சுதமதியிடம் மறையாது கூறுகின்றாள். காமத்தின் இயல்பு இதுதானோ என வினவுகின்றாள். அவள் தன் உள்ளத்தை மறுத்திலள். கண்டாள், பெயரிட்டாள், விடத் துணிந்தாள். இறுதிக் காதையில் அறவண அடிகள் அறிவுறுத்தும் நெறிக்கு இந் நிகழ்ச்சி வித்தாகும்.

அக் காதையின் முடிவில் முத்தீக்கும் மருந்து கூறப்படுகின்றது. அநித்தம், துக்கம், அநான்மா, அசுசி எனத் தனித்து நோக்கிப் பற்றறுத்தல் காமத்திற்கு. மைத்திரி, கருணை, முதிதை வெகுளிக்கு. கேட்டல், சிந்தித்தல், பாவித்தல், தெளியக் காணுதல் மயக்கத்திற்கு. அன்பையும் இரக்கத்தையும் வளர்க்கும் ஒரு நெறியை உணர்ச்சியின் பகை எனல் எங்ஙனம் பொருந்தும்?

பாலி நூல்கள் பற்றினை நான்காக வகுக்கும்: காமப் பற்று, கொள்கைப் பற்று, சீல விரதப் பற்று, ஆன்மவாதப் பற்று. இவற்றுள் கொள்கைப் பற்று ஆராய்ச்சியாளராகிய எமக்கு நெருங்கியது. தம் முடிபு மறுக்கப்படுங்கால் நெஞ்சில் எழும் வெம்மையை எழுந்த அளவிலேயே அறிபவர், அம் மறுப்பின் உண்மையையும் காண வல்லராவர். எம் துணிபிற்கும் இஃது ஒக்கும். இறுதிக் காதை வறண்ட பட்டியலன்று. பயில்வார்க்கு உரிய வழிகாட்டி என்பது இதனாற் பெறப்படும்.