எங்க வெட்டுறது? ஈஸ்ட்டிடம் கேளுங்கோ

"மூக்கு அப்பாட, கண் அம்மாட" என்று சொந்தக்காரர் சொல்லாத வீடு இல்லை. ஆனா அம்மா எங்களுக்குத் தந்த குரோமோசோம், அவவிட்ட இருந்ததன் நகல் இல்லை. அம்மம்மாட ஒரு துண்டு, அம்மப்பாட ஒரு துண்டு என்று வெட்டி ஒட்டினது. இதுதான் மரபணு மறுசேர்க்கை. எபிசோடில் நேரம் போதாமல் நான் விட்ட கேள்வி இது: எங்க வெட்டுறது என்று யார் முடிவெடுக்கிறது?

கண்ட இடத்தில வெட்டு விழுறேல்லை. சில இடங்களில் மட்டும் திரும்பத் திரும்ப விழும். அவைதான் ஹாட்ஸ்பாட். இதைத் தெளிவாகக் காட்டியது 'பொம்பே' ஈஸ்ட். பம்பாய் இல்லை, சுவாஹிலி மொழியில் பியர் என்று அர்த்தம். அதில் அடினைன் தயாரிக்கும் ஒரு மரபணு பழுதானால் கொலனி சிவப்பாகும். 1971இல் ஹெர்பர்ட் குட்ஸ் ஒன்றைக் கவனித்தார்: அந்த மரபணுவில் எம்26 என்ற பழுது மட்டும் மற்றப் பழுதுகளைவிடப் பத்து மடங்களவில் கூடுதலாக மறுசேர்கிறது.

காரணம் ஒரே எழுத்து. 'ஜி' இருந்த இடத்தில் 'டி' வந்ததால் ஏடிஜிஏசிஜிடி என்ற ஏழெழுத்துச் சொல் உருவாகிவிட்டது. ஏடிஎஃப்1, பிசிஆர்1 என்ற இரண்டு புரதங்கள் சோடியாக அந்தச் சொல்லைத் தேடி ஒட்டும். அவை வெட்டுறேல்லை; சுருண்டு கிடக்கும் டிஎன்ஏவைத் தளர்த்தி இடம் விடும். வெட்டுறது ரெக்12 என்ற வேறொரு புரதம்.

மனிதரில் இடம் காட்டுவது பிஆர்டிஎம்9. 2010இல்தான் தெரிய வந்தது. ஆளுக்கு ஆள் அதன் வடிவம் வேறுபடும், ஹாட்ஸ்பாட்டும் மாறும். இங்கதான் கதை எங்கட ஏரியாவுக்கு வருது. கோட்-டெ-நெய்ஜில் இருக்கிற சான்ட்-ஜுஸ்தீன் சிறுவர் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் அரிதான பிஆர்டிஎம்9 வடிவங்கள் கூடுதலாக இருந்தன. இது ஒரு தொடர்பு மட்டும்தான். அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை.

மக்களுக்கு மக்கள் ஹாட்ஸ்பாட் மாறுமென்றால், யாருடைய டிஎன்ஏவை வைத்து மேப் போடுகினம் என்பது முக்கியம். '1000 ஜெனோம்ஸ்' திட்டத்தின் 26 மக்கள் குழுக்களில் ஒன்று பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர், 102 பேர். 2019இல் ஸ்பென்ஸ், சொங் என்ற இருவர் அந்த 26 குழுக்களுக்கும் தனித்தனி மறுசேர்க்கை மேப் போட்டிச்சினம். அந்த 102 பேர் ரத்தம் கொடுத்ததாலதான் எங்களுக்கும் ஒரு மேப் இருக்கு. கம்பஸில் மரபணு ஆய்வுக்கு ஆள் தேடும் நோட்டீஸைக் கண்டால், தாண்டிப் போகாமல் ஒருக்கா நின்று வாசியுங்கோ.