திணை தந்த உணவு

ஒரு நிலத்தை அறிய விரும்புவோர் அதன் மண்ணையும் மழையையும் மட்டும் ஆராய்ந்தால் போதாது. அந்நிலத்து மக்கள் உண்ணும் உணவையும் அறிதல் வேண்டும். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவை வைத்துள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. குறிஞ்சிக்குத் தினை, முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்திற்கு நெல் என நிலந்தோறும் உணவு வேறுபட்டது.

ஆற்றுப்படை காட்டும் விருந்து

இவ்வேறுபாடு தந்த இன்பத்தைச் சிறுபாணாற்றுப்படையில் காண்கிறோம். நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட குழல்மீனைத் தருவர். வேலூர் எயினர் புளிச்சோற்றையும் ஆமான் சூட்டிறைச்சியையும் தருவர். ஆமூர் உழவர் வெண்சோற்றையும் நண்டுக் கலவையையும் தருவர். பெரும்பாணாற்றுப்படையிலோ ஆயர் குடியிருப்பில் தினைச்சோறும் பாலும் கிடைக்கின்றன. நிலம் மாறியதைப் பாணனின் கண் மட்டுமன்று, நாவும் உணர்ந்திருக்கும். அக்காலத்தும் உமணர் வண்டிகளில் உப்பு உள்நாடு சென்றது; எனினும் விருந்தின் உயிர்ப்பொருள் அவ்வந்நிலத்தில் விளைந்ததே.

சுவையின் காரணம்

அருகில் விளைந்தது சுவைப்பதற்குக் காரணம் உண்டு. பச்சைப் பட்டாணியும் இளஞ்சோளக் கதிரும் பறித்த பொழுதிலிருந்தே இனிப்புக் குறைந்து மாவுத்தன்மை மிகுகின்றன. தொலைவூர்ச் சந்தைக்குச் செல்லும் தக்காளி பெரும்பாலும் காயாகவே பறிக்கப்படுகிறது. செடியில் பழுத்ததன் சுவை அதற்கு வாய்ப்பதில்லை. காலையில் கிள்ளிய முருங்கைக் கீரை நண்பகலில் குழம்பாகும்போது உள்ள மணம், இரண்டு நாள் கடந்த கீரைக்கு ஏது?

பருவத்திற்காகக் காத்திருப்பதும் ஓர் இன்பமே. கோடையில் நுங்கு, ஆடியில் நாவற்பழம், தைத்திங்களில் பனங்கிழங்கு என ஆண்டு முழுவதும் நாவிற்கு ஒரு நாட்காட்டி இருந்தது. எல்லாம் எந்நாளும் கிடைக்கும் அங்காடியில் அக்காத்திருப்பு இல்லை. ஆதலின் அவ்வின்பமும் இல்லை.

உண்பவரும் காவலரே

இது நாவின் இன்பம் மட்டும் பற்றிய செய்தியன்று. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை முதலிய நெல்வகைகள் உழவர் வயல்களிலிருந்து பெரிதும் மறைந்தன. அவற்றை மீட்க உழைத்தவர், 2018 இல் மறைந்த நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய அவர், 170க்கும் மேற்பட்ட வகைகளைத் திரட்டினார். இரண்டு கிலோ விதை பெற்ற உழவர் மறுஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் அங்கு நெறியாயிற்று.

விதையை உழவர் பெருக்கலாம். விளைந்ததை உண்பார் இல்லையெனில் எத்தனை ஆண்டு விதைப்பார்? களஞ்சியத்தில் உறங்கும் விதை காலப்போக்கில் முளைப்புத்திறன் இழக்கும். வயலில் பயிராகி, அடுப்பில் உலையேறி, இலையில் சோறாகும்போதே ஒரு நெல்வகை வாழ்கிறது. அது மறையின் அதன் பெயரும், அதனோடு பிறந்த சமையற் சொற்களும் அகராதிக்குள் ஒடுங்கும். தமிழ் பயில்வோராகிய நமக்கு இவ்விழப்பு இருமடங்காகும்.

ஆதலின் நம் இல்லத்திலும் விடுதியிலும் விழாப் பந்தியிலும் வாரம் ஒரு வேளையேனும் நம் வட்டாரத்தில் விளைந்ததை உண்போம். அயலூர் உணவை வெறுக்க வேண்டுவதில்லை. நம்மூர் உணவை மறவாதிருத்தல் போதும். நாம் விரும்பி உண்ணும் ஒரு பிடிச் சோறு, அடுத்த பட்டத்திற்கு ஓர் உழவர் எடுத்துவைக்கும் ஒரு பிடி விதையாகும்.