புது வீட்டுக்கு 'கேஸ்' கூடாது என்று விதி போட முடியுமா? அலங்காநல்லூரை வைத்து ஒரு கணக்கு

மதுரையில் இருந்து அலங்காநல்லூர் போகிற சாலையில் இப்போது மனை விற்பனை போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரி 24ஆம் தேதி திறக்கப்பட்ட பிறகு, அந்தப் பக்கம் மீது ஊர்க்காரர்களின் கண்ணும் வெளியூர்க்காரர்களின் கண்ணும் விழுந்திருக்கிறது. இன்றைக்கு அஸ்திவாரம் போடும் வீடு நாற்பது, ஐம்பது வருஷம் நிற்கும். அந்த வீட்டுச் சமையலறையில் எரியப்போவது கேஸா, மின்சாரமா?

உலகின் சில நகரங்கள் இதைச் சட்டமாகவே கேட்டுவிட்டன. 'புதிதாகக் கட்டும் கட்டடத்தில் சமையல், வெந்நீர், வெப்பமூட்டல் எல்லாம் மின்சாரத்தில்தான். எரிவாயு இணைப்பு கிடையாது' என்பதுதான் முழு மின்சாரக் கட்டட விதி. இது நம்ம ஊருக்குப் பொருந்துமா? பொருந்தும் என்றால் யார் போடுவது, எந்த வடிவத்தில் போடுவது?

எங்கே ஆரம்பித்தது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள பெர்க்லி நகரம்தான் முதலில் இறங்கியது. புதிய கட்டடங்களில் எரிவாயுக் குழாய் பதிக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் சட்டம் போட்டது. உணவகச் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 'எரிவாயு உபகரணங்களின் ஆற்றல் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவது மத்திய சட்டத்தின் வேலை, நகரம் தலையிட முடியாது' என்று 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த வருஷம் பெர்க்லி அந்தச் சட்டத்தையே திரும்பப் பெற்றது.

நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது. 2021 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டத்தில் அது நேரடியாகக் குழாயைத் தடை செய்யவில்லை. கட்டடத்துக்குள் எரிக்கும் எரிபொருள் இவ்வளவு கரியமில வாயுவுக்கு மேல் விடக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்தது. அந்த வரம்புக்குள் எரிவாயு அடங்காது, அவ்வளவுதான். ஏழு மாடிக்குக் குறைந்த புதிய கட்டடங்களுக்கு 2024 முதல், உயரமானவற்றுக்கு 2027 முதல் என்று அவகாசமும் கொடுத்தது. உணவகச் சமையலறைகளுக்கு விலக்கு உண்டு.

நெதர்லாந்தில் 2018 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு தருவதை நிறுத்தினார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரி முதல், திட்ட அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு இல்லை.

அங்கெல்லாம் பெரிய செலவே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதுதான். மதுரையில் அந்தப் பிரச்னையே இல்லை. வெந்நீருக்குப் பல வீடுகளில் ஏற்கெனவே மின்சார கீசரோ, மாடியில் சோலார் ஹீட்டரோ வந்துவிட்டது. ஆக, இங்கே 'முழு மின்சாரம்' என்றால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சாமான்: அடுப்பு.

யாருக்கு அதிகாரம்?

அலங்காநல்லூர் பேரூராட்சியோ மதுரை மாநகராட்சியோ தீர்மானம் போட்டால் போதுமா? போதாது. கட்டட விதிகளை வகுப்பது மாநில அரசு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் மாநிலம் முழுக்க அடிப்படை. உள்ளாட்சி அந்த விதிப்படி அனுமதி கொடுக்கும். தனக்கென்று தனி விதி எழுதிக்கொள்ளாது.

மாநிலத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. குஜராத் அரசு 2001இல் எரிவாயு விநியோகத்துக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அது பற்றிக் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டபோது, இயற்கை எரிவாயு மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது, மாநிலம் அதில் சட்டம் இயற்ற முடியாது என்று 2004 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. பெர்க்லி மாட்டிய அதே வலை, வேறு பெயரில். 'தமிழ்நாட்டில் புது வீட்டுக்கு எரிவாயு கூடாது' என்று நேரடியாக எழுதினால், முதல் வாரத்திலேயே வழக்கு வரும். 'கட்டடத்தில் இந்த வசதி இருக்க வேண்டும்' என்று எழுதுவது மாநில அதிகாரத்துக்குள் வருகிற விஷயம்.

இன்னொரு சிக்கல், மத்திய அரசு போகும் திசையே வேறு. நாட்டின் ஆற்றல் பயன்பாட்டில் இயற்கை எரிவாயுவின் பங்கை 2030க்குள் 15 சதவீதம் ஆக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. எண்ணூரில் இருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி வரைக்கும் குழாய்த் திட்டம். வீட்டுக்கு வீடு குழாய் எரிவாயு கொடுக்கும் திட்டத்தில் மதுரை மாவட்டமும் இருக்கிறது. ஒரு கை குழாய் பதிக்க, இன்னொரு கை குழாயைத் தடுக்க முடியாது.

சிலிண்டர் வாசலுக்கு வருமே!

பெர்க்லியில் தெருக்குழாயில் இருந்து வீட்டுக்கு இணைப்பு தராவிட்டால் கதை முடிந்தது. இங்கே அப்படியா? சிலிண்டர் லோடு ஆட்டோவில் வருகிறது. வீட்டு வரைபடத்தில் அதற்கு ஒரு கோடு கூடக் கிடையாது. சமையல் மேடைக்குக் கீழே வைத்து ரெகுலேட்டரை மாட்டினால் வேலை முடிந்தது. கட்டட அனுமதி கொடுக்கும் அதிகாரி எதைப் பார்த்துத் தடுப்பார்?

அதோடு, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனில் உடனடி அனுமதி. பணி முடிப்புச் சான்றிதழும் வேண்டாம். அலங்காநல்லூர் மாதிரி ஊர்களில் கட்டப்படும் பெரும்பாலான வீடுகள் இந்த அளவுக்குள்தான் அடங்கும். யாருமே வந்து பார்க்காத வீட்டுக்கு அடுப்பு விதி போட்டால், அது காகிதத்தில்தான் எரியும்.

2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். கெடு வைத்தார்கள், இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள், மாநிலமே குழி தோண்டியது. நிஜமாகவே பலன் கிடைத்த திட்டம் அது. ஆனால் பேருக்கு ஒரு பைப்பை இறக்கிவிட்டு, அதற்குப் பிறகு திரும்பியே பார்க்காத வீடுகளும் அதே தெருவில் உண்டு.

பர்ஸுக்கு என்ன ஆகும்?

இந்த விவாதத்தில் பலரும் தாண்டிப் போகும் இடம் இது. 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். கேஸ் அடுப்பில் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும். மீதி சமையலறையைச் சூடாக்கும். இண்டக்‌ஷனில் 85 சதவீதம் வரை பாத்திரத்துக்கே போகும். இப்படிக் கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் 130 முதல் 145 யூனிட்டில் செய்துவிடும். 135 என்று வைத்துக்கொள்வோம்.

2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. அதை 135ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 6 ரூபாய் 40 காசு சொச்சம். மின்சாரம் இதைவிட மலிவாகக் கிடைத்தால் இண்டக்‌ஷன் லாபம், இல்லையென்றால் நஷ்டம்.

நம்ம மின் கட்டணம் படிக்கட்டு மாதிரி. ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஜூலை ஆணைப்படி, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் வரை யூனிட் 4 ரூபாய் 80 காசு. முதல் 100 யூனிட்டை அரசு ஏற்கிறது. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 45 காசு. 501இல் இருந்து 8 ரூபாய் 55 காசு. 500ஐத் தாண்டினால் இன்னொரு அடியும் உண்டு: மானியம் சுருங்கி, கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடுகிற சின்ன வீட்டுக்கு 135 யூனிட் கூடினாலும் இண்டக்‌ஷன் லாபம்தான். அதே 135 யூனிட், ஏற்கெனவே 380 ஓடுகிற ஏசி வீட்டை 515க்குத் தள்ளிவிடும். சிலிண்டரில் மிச்சம் பிடித்த காசு மின் கட்டணத்தில் போய்விடும்.

வாடகை வீட்டின் நிலைமை இன்னும் மோசம். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8, 10 ரூபாய் என்று வீட்டுக்காரர் வசூலிக்கும் இடங்களில், 135 யூனிட்டுக்கு 1,080 முதல் 1,350 ரூபாய் வரை போகும். அந்தக் குடும்பத்திடம் போய் 'இனி மின்சார அடுப்புதான்' என்றால் அது தண்டனை. உஜ்வாலா திட்டத்தில் மானிய சிலிண்டர் வாங்குகிறவர்களுக்கும் இதே நிலைதான்.

ஹோட்டல் பக்கம் போகவே வேண்டாம். வணிக மின் கட்டணம் யூனிட்டுக்கு 10 ரூபாயை ஒட்டி இருக்கிறது. ராத்திரி முழுக்க எரியும் மதுரை பரோட்டா கல்லுக்கு இண்டக்‌ஷன் என்று யாராவது விதி எழுதினால், எழுதியவருக்கு ஊரில் சால்னா கிடைக்காது. நியூயார்க்கே உணவகங்களை விட்டுவைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

சுற்றுச்சூழலுக்காவது லாபமா?

இங்கேயும் கணக்கு நேராக இல்லை. ஒரு சிலிண்டர் எரிந்தால் ஏறத்தாழ 42 கிலோ கரியமில வாயு வெளியேறும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ. 135 யூனிட்டுக்கு 94 கிலோ வருகிறது. அதாவது, நிலக்கரி இந்த அளவுக்கு எரியும் வரை இண்டக்‌ஷன் புகையை வீட்டில் இருந்து மின் நிலையத்துக்கு மாற்றுகிறது. மொத்தத்தில் கூட்டவும் செய்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலையும் சோலாரும் அதிகம் என்பது உண்மை. ஆனால் நாம் சமைப்பது காலையிலும் ராத்திரியிலும். சோலார் கொட்டுவது மத்தியானம்.

அப்படியானால் எதற்கு இந்தப் பேச்சு? நாட்டின் எல்பிஜி தேவையில் ஏறத்தாழ 60 சதவீதம் இறக்குமதி, அதுவும் பெரும்பாலும் வளைகுடாவில் இருந்து. அங்கே ஒரு சண்டை வந்தால் அலங்காநல்லூர் அடுப்பு வரைக்கும் சூடு வரும். மின்சாரத்தை நாமே தயாரிக்கலாம், வருஷா வருஷம் அது சுத்தமாகிக்கொண்டும் போகும். மாடியில் ஒரு கிலோவாட் சோலார் இருந்தால் ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240. சமையல் கணக்கு அதிலேயே அடைந்துவிடும். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் இருக்கிறது. சொந்த மாடி இருப்பவர்களுக்கு இது சரி. ஏப்ரல், மே மாத மதுரை வெயிலில் அடுப்படியில் நிற்பவர்களைக் கேட்டால், வெப்பத்தை வெளியே கக்காத அடுப்பு பற்றி அவர்கள் வேறு ஒரு காரணமும் சொல்வார்கள்.

நடக்கக்கூடியது எது?

கட்டாயத் தடை வேலைக்கு ஆகாது என்பதை மேலே பார்த்தாயிற்று. கட்டட விதி உண்மையிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: வீட்டை மின்சார அடுப்புக்குத் தயாராகக் கட்டச் சொல்வது. 2,000 வாட் இண்டக்‌ஷன் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் கருகிவிடும். இரண்டு அடுப்பு என்றால் 17, 18 ஆம்பியர் வரை போகும். சமையல் மேடைக்குத் தனி ஒயர், தனி பிரேக்கர், 16 ஆம்பியர் பாயின்ட் இரண்டு, மும்முனை இணைப்புக்கு மீட்டர் பலகையில் இடம், மாடியில் சோலாருக்கு நிழல் விழாத இடமும் ஒயர் இறங்க ஒரு குழாயும். சுவர் பூசுவதற்கு முன்னால் எலக்ட்ரீசியனிடம் சொன்னால் செலவு கொஞ்சம்தான். பிறகு என்றால் சுவரை உடைக்க வேண்டும், டைல்ஸ் போகும். எந்த அடுப்பு என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்துகொள்ளலாம். இதற்கு எரிவாயு என்ற வார்த்தையையே விதியில் எழுத வேண்டாம். கோர்ட் பயமும் இல்லை.

பெரிய கட்டடங்களுக்கு ஏற்கெனவே ஒரு கைப்பிடி இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட ஆற்றல் சேமிப்புச் சட்டம், 100 கிலோவாட் இணைப்புப் பளுவுக்கு மேற்பட்ட கட்டடங்களை, அடுக்குமாடிக் குடியிருப்பு உட்பட, விதிக்குள் கொண்டுவருகிறது. அந்த வரம்பைக் குறைக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. நியூயார்க் பாணி வரம்பை முயற்சி செய்ய வேண்டுமென்றால் மதுரை நகரின் புதிய அடுக்குமாடிகள்தான் இடம், அலங்காநல்லூரின் மூன்று சென்ட் வீடுகள் அல்ல.

அரசு தன் வீட்டில் ஆரம்பிப்பதும் ஒரு வழி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில்தான் தொடங்கியது. இனிமேல் கட்டும் பள்ளிச் சமையல்கூடம், விடுதி, அங்கன்வாடி எல்லாவற்றிலும் மின்சார அடுப்பும் மாடி சோலாரும் வைத்தால், என்ன செலவு, எத்தனை முறை மின்தடையால் சமையல் நின்றது என்பதெல்லாம் இரண்டு வருஷத்தில் கணக்காகக் கையில் இருக்கும்.

மின்தடை பற்றிய பயம் சும்மா இல்லை. 2012இல் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்த ஊர் இது. மாநிலத்தின் மின் தேவை 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அன்றைக்கு அது புதிய உச்சம். ஒரு தெருவில் இருபது வீடு ஒரே நேரத்தில் ராத்திரிச் சமையலுக்கு இண்டக்‌ஷனைப் போட்டால், முதலில் மூச்சு வாங்குவது அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மர்தான். புது மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போதே அந்தக் கூடுதல் பளுவுக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மரைக் கேட்டு வாங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை; மனை போடும் நிறுவனமும் மின்வாரியமும் பேசி முடிக்க வேண்டிய வேலை அது. இப்போது அலங்காநல்லூர் சாலையில் வீட்டுமனை பார்க்கிறவர்கள், தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்பதோடு, டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கேவிஏ என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.