காகிதப் பொறியும் மயிற்பொறியும்

மாரிக்காலத்து முற்பகல் ஒன்று. வாவியிலிருந்து எழுந்த ஈரக்காற்று வகுப்பறையுட் புகுந்து புத்தகத் தாள்களைத் துவளச் செய்துகொண்டிருந்தது. சீவகசிந்தாமணியில் நாமகள் இலம்பகம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் மேசைக்குக் கீழே எதனையோ மடித்துக்கொண்டிருந்தான். கையை நீட்டினேன்; கட்டமும் கோடும் நிறைந்த கெட்டித்தாள் ஒன்றைத் தந்தான். அதனை இரண்டாகக் கிழித்து வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அப்போது விளக்கிக்கொண்டிருந்த செய்யுள், சச்சந்த மன்னன் செய்வித்த மயிற்பொறியைப் பற்றியது. ஒரு பொறியைப் புகழ்ந்துகொண்டே மற்றொரு பொறியைக் கிழித்துவிட்டேன் என்பது மாலையிலேதான் எனக்குத் தெரிந்தது.

பள்ளி விட்டபின் அவனை அழைத்து, "அஃது என்ன தம்பி?" என்றேன். "பிரக்யான், ஐயா" என்றான்.

2023 ஆகஸ்ட் 23இல் இந்தியாவின் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தை அண்டிய பகுதியில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தில் பிறந்த வீரமுத்துவேல் அவர்கள். இறங்கிய கலத்திலிருந்து 26 கிலோகிராம் நிறையுடைய ஊர்தியொன்று வெளிப்பட்டு, ஆறு சக்கரங்களால் நிலவின் மண்ணில் ஊர்ந்தது. மனிதன் செல்லாத இடத்தில் மனிதனுக்காகத் தொழில் செய்யும் எந்திரம் அது. 'றோபோ' என இன்று உலகம் வழங்கும் சொல், செக் நாட்டு நாடகாசிரியர் கரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில் தோன்றியது. கட்டாய ஊழியம் என்னும் பொருளுடைய சொல்லின் வழிவந்தது. நம் முன்னோர் பொறி என்றும் எந்திரம் என்றும் வழங்கினர்.

புகைப்படங்களைப் பார்த்து அவ்வூர்தியைப் பத்தில் ஒரு பங்கு அளவிற் காகிதத்தாற் சமைக்க அம்மாணவன் முயன்றிருக்கிறான். யான் கிழித்தது மூன்று நாள் உழைப்பு. என் பிழையை அவனிடம் ஒப்புக்கொண்டேன். மறுபடி செய்யும்போது அருகிலிருந்து பார்க்க அனுமதி கேட்டேன். ஆசிரியர் மாணவனிடம் அனுமதி கேட்டது அவனுக்கு வியப்பாயிருந்தது.

அடுத்த சில மாலைகளில் யான் கற்றது மிகுதி. பெட்டி போன்ற உடலை முதலில் விரித்துப்போட்டாற்போல் ஒரே தாளில் வரைதல் வேண்டும். எந்த விளிம்பு எந்த விளிம்போடு கூடும் என்பதை மனத்திலே முன்னரே மடித்துப் பார்த்தாலன்றி அவ்வரைபடம் அமையாது. திண்மங்களை இவ்வாறு தாளில் விரித்துக் காட்டும் முறையை ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1525இலேயே நூலில் வெளியிட்டிருக்கிறார். ஒட்டுதற்குரிய மடல்களை ஓரங்களிற் சேர்த்து வரையவேண்டும். மை தீர்ந்த பேனாமுனையால் மடிப்புக்கோட்டை அழுத்திக் கீறிய பின்னரே மடிக்கவேண்டும். இன்றேல் விளிம்பு கோணும்.

சக்கரமோ கணக்கு. விட்டம் 2 சென்ரிமீற்றர் எனின், சுற்றும் நாடாவின் நீளம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் 3 மில்லிமீற்றர். ஒட்டுமடல் அதற்குப் புறம்பு. தாளுக்கு நார்ப்போக்கு உண்டு. அப்போக்கை அறிந்து சுருட்டினால் இணங்கும். மாறிச் சுருட்டினால் முறியும். பக்கத்துக்கு மூன்றாக உள்ள சக்கரங்களை இணைக்கும் கைகளே கடினமானவை. ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினும் ஏனையவை நிலத்தை விடாதிருக்கும் வண்ணம் அவை ஒன்றன்மீது ஒன்று அசையவேண்டும்.

முதல் ஊர்தி ஓரிரவிலே தளர்ந்தது. மாரியின் ஈரத்தை உண்ட தாள் பருத்து, பசை உலராமல், கைகள் மடங்கிக் கிடந்தன. மாணவன் வருந்தவில்லை. கைகளுக்கு மட்டும் தாளை மூன்று மடியாக ஒட்டி, வெயில் கண்ட நாளில் உலர்த்தி, மறுபடி பூட்டினான். புத்தகத்தின்மேல் ஒரு சக்கரத்தை ஏற்றினான். மற்றை ஐந்தும் மேசையை விடவில்லை.

அதன்பின் சிந்தாமணியை மறுபடி எடுத்துப் படித்தேன். மயிற்பொறிக்குத் தச்சன் கொண்ட பொருள்கள் யாவை? துணிக்கிழிகள், பிசின், நூல், அரக்கு, மெழுகு. ஏழு நாளில் செய்து முடித்தான் என்கிறார் திருத்தக்கதேவர். பொறியை வலமாகத் திரித்தால் மேலெழும். இடமாகத் திரித்தால் இறங்கிக் கால்குவித்து நிற்கும். ஆண்டுதோறும் இவ்விடத்தை நயம் கூறிக் கடந்திருக்கிறேன். கிழியையும் பிசினையும் கையாற் பழகிய ஒருவன் இதனைப் படிப்பானாயின், "சிறகின் அகலம் என்ன? நூல் எங்கே கோக்கப்பட்டது?" என்றன்றோ கேட்பான்! காவியம் அளவைக் கூறவில்லை. கூறுதல் புலவர் கடனுமன்று. ஆயினும் அத்தகைய கேள்வியை ஒருமுறையேனும் வகுப்பில் எழுப்பாதது என் குறை.

அக்கேள்வியை எழுப்பியவர் நம் பகுதியிலேயே தோன்றினார். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். வழக்கொழிந்த யாழைச் சிலப்பதிகார அரங்கேற்றுகாதையிலும் அதன் உரையிலும் தேடி, சொல்லினின்று அளவையும், அளவினின்று இசையையும் கணக்கிட்டு, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். சொல்லை வியந்ததோடு நில்லாது, அதனைச் செய்து பார்க்கத் துணிந்த பண்டிதர் அவர்.

ஆதலின் தமிழாசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். மேசைக்குக் கீழே ஏதேனும் மடிபடுமாயின், கிழிக்குமுன் விரித்துப் பாருங்கள். தாளும் பசையும் கத்தரிக்கோலும் பெருஞ்செலவல்ல. எந்திரத்தைப் பாடும் செய்யுள் வரும் நாளில் கணித ஆசிரியரையும் வகுப்புக்கு அழையுங்கள்.

நிலவில் ஊர்ந்த பிரக்யான் 2023 செப்ரெம்பர் தொடக்கத்தில் உறக்கநிலையில் வைக்கப்பட்டது. நிலவின் நெடிய இரவு கழிந்தபின் அது விழிக்கவில்லை. அதன் காகித உரு என் மேசைமேல் நிற்கின்றது. யான் கிழித்த தாளையும் அதன் கீழே விரித்து வைத்திருக்கிறேன். அம்மாணவன் இப்போது மயிலுக்கு அளவு வரைந்துகொண்டிருக்கிறான். சிறகு எத்தனை மடிப்பாக இருத்தல் வேண்டுமென்று நேற்று என்னைக் கேட்டான். உரையை இன்னொருமுறை பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.