எரிந்துபோகும் எரிவாயு

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைமேடு பற்றி எரிந்ததைத் தென்சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாள்கணக்கில் தண்ணீர் பீய்ச்சியும் புகை லேசில் அடங்கவில்லை. இப்படிப்பட்ட தீக்கு உள்ளிருந்தே தீனி போடுவது மீத்தேன். குழாய் வழியாக வீட்டு அடுப்புக்கு வரும் இயற்கை எரிவாயுவிலும் பெரும்பகுதி அதே மீத்தேன்தான்.

மிஞ்சிய சோறு, காய்கறித் தோல், வாழை இலை, வாடிய பூமாலை எல்லாம் லாரி லாரியாக வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்குகின்றன. காற்றுப் புகாத அந்த ஆழத்தில் நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கிவிடும். வெளிவரும் வாயுவில் ஏறக்குறையப் பாதி மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமிலவாயு. சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் இதேதான். மழை விட்ட மறுநாள் மேட்டோரம் தேங்கிய கறுப்புத் தண்ணீரை நின்று பார்த்திருக்கிறேன். சோற்று உலை மாதிரி அது குமிழ் விட்டுக்கொண்டே இருந்தது.

இந்த வாயுவைப் பிடிப்பது புதிய வித்தை அல்ல. மேட்டை மண் போட்டு மூடி, துளையிட்ட குழாய்களை ஆழ்துளைக் கிணறு போல இறக்கி, ப்ளோயர் வைத்து உறிஞ்சுகிறார்கள். ஈரத்தையும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடையும் நீக்கி எஞ்சினுக்கு அனுப்பினால் ஜெனரேட்டர் ஓடும். ஷாம்பூவிலும் முகக் கிரீமிலும் இருந்து வரும் சிலாக்சேன் என்ற பொருளையும் வடிகட்டியாக வேண்டும். விட்டால் எஞ்சினுக்குள் எரிந்து மணலாகப் படிந்துவிடும். லாஸ் ஏஞ்சலீஸ் அருகிலுள்ள புவெந்தே ஹில்ஸ் குப்பைமேடு 2013-ல் மூடப்பட்டது. மூடிய பிறகும் அதன் வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள்.

மின்சாரம் லாபம்தான். எனக்கோ தீயைப் பற்றித்தான் கவலை. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் ஒரு பொறி போதும். மூடாத மேட்டில் வாயு தன்போக்கில் கசிகிறது. வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே இறங்குகிறது. அடியில் கனல் பிடித்தால் கண்டுபிடிப்பதே கஷ்டம். குழாய் போட்ட இடத்திலும் ஆசைப்பட்டு அதிகமாக உறிஞ்சினால் காற்று உள்ளே இழுபட்டு இதே ஆபத்து வரும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

இன்னொன்று, காலம். நம் ஊர்க் குப்பையில் ஈரம் அதிகம், சோறும் காய்கறியும் அதிகம். சீக்கிரம் அழுகி, முதல் சில ஆண்டுகளிலேயே வாயுவில் பெரும்பங்கைக் கொட்டிவிடும். திட்டம் பேசிக்கொண்டிருக்கும்போதே சரக்கு வானத்துக்குப் போய்விடுகிறது. போவதும் சும்மா போவதில்லை. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் அதே எடையுள்ள கரியமிலவாயுவைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

வீட்டிலேயே குப்பையைப் பிரித்து, மேட்டை பயோமைனிங் செய்து, அதாவது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துத் தரம் பிரித்து, அகற்றினால் போதும் என்கிறவர்களும் உண்டு. நியாயம்தான். ஆனால் முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த, சென்னையின் கொடுங்கையூர் போன்ற மேட்டை ஒரே வருஷத்தில் அள்ளிவிட முடியாது. அள்ளும் முறை வரும்வரை கிளறாமல் கிடக்கும் பகுதி வாயு விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

எஞ்சின் வாங்குவது பிறகு ஆகட்டும். அந்தப் பகுதியை மண் போட்டு மூடி, குழாய் இறக்கி, வரும் வாயுவைக் காவலோடு குழாய் முனையிலாவது எரித்துவிடும் வேலையை அடுத்த அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.