பேசும் சீட்டுகள்

தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் என்னும் அடையாளச் சீட்டு கட்டாயமாயிற்று. அதனால் சாவடியில் காத்துக் கிடக்கும் நேரம் குறைந்ததென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், நம்மோடு கூடவே ஊர் சுற்றும் இச்சீட்டு யார் கேட்டால் பேசும், யாரிடம் வாய் மூடும் என்ற விஷயத்தில் பொதுஜனங்கள் போதிய சிரத்தை காட்டவில்லை.

சீட்டினுள் பாட்டரி கிடையாது. சாவடியிலுள்ள கருவி 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலையை வீசுகிறது. அந்த அலையிலிருந்தே சக்தியைப் பெற்று, சீட்டிலுள்ள சிப் தன் எண்ணைப் பிரதிபலித்து அனுப்புகிறது. ஜவுளிக்கடைத் துணியிலும் கிடங்குப் பெட்டியிலும் இதே இனத்துச் சீட்டுகள் ஒட்டப்படுகின்றன. இவற்றுக்கெல்லாம் பொதுவானது 2004ல் வகுக்கப்பட்ட ஜென்-2 என்னும் தரவிதி.

அவ்விதியின்படி, முறையாகக் கேட்கும் எந்தக் கருவிக்கும் சீட்டு தன் எண்ணைச் சொல்லிவிடும். அதன் வாயை அடியோடு அடைக்க, 32 பிட் கடவுச்சொல்லால் அதைக் கொன்றுவிட வேண்டும். வாங்கிய துணியை மாற்றிக்கொள்ள ஒருவர் திரும்பி வந்தால், செத்த சீட்டினால் கடைக்காரருக்கு உபயோகம் ஏது? கொல்ல அவருக்கு மனம் வராது.

2013ல் வந்த இரண்டாம் பதிப்பு இக்குறைக்குப் பரிகாரம் கண்டது. கருவி ஒரு புதிர் விடுக்கும். சீட்டு தன் இரகசியத் திறவுகோலைக் கொண்டு விடையைக் கணக்கிட்டுத் தரும். திறவுகோல் வெளிவராததால், எண்ணை மட்டும் படியெடுத்துப் போலி செய்பவன் தோற்பான். எண்ணின் ஒரு பகுதியை மறைத்து, எட்டும் தூரத்தையும் சுருக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. சீட்டு உயிரோடிருக்கும், கண்டவரோடு பேசாது. 2024ல் வெளியான மூன்றாம் பதிப்போ, பெருந்திரளான சீட்டுகளில் வேண்டியவற்றை விரைந்து பொறுக்க வழி செய்கிறது, வியாபாரிகளுக்கு உகந்ததுதான்.

ஆனால் நாம் சொன்ன காப்புகள் விதியில் கட்டாயமல்ல, விருப்பமே. 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்யவேண்டும்' என்பதற்கும் உள்ள தூரத்தை, ஷரத்து படித்துப் பழகிய எவரும் அறிவர். கொள்முதல் செய்பவர் கேட்டாலொழிய அவை சீட்டில் இருக்கவேண்டிய அவசியமில்லை.

வண்டியின் எண்பலகை ஊரறியத் தொங்கும்போது சீட்டில் மறைக்க என்ன இருக்கிறதென்று கேட்பாருண்டு. உடுத்தும் துணிக்கு எண்பலகை இல்லையே! அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017ல் தீர்ப்பளித்தனர். சீட்டை ஒட்டிக்கொள்ளும்படி ஜனங்களைக் கட்டாயப்படுத்தும் சர்க்கார், சீட்டு செய்து விற்போரிடமும் இக்காப்புகளை டெண்டர் ஷரத்திலேயே கட்டாயமாக்க வேண்டும். துணிக்கடைக்காரரும் சீட்டு இருப்பதைப் பில்லில் குறித்து, கேட்பவருக்கு அதை அங்கேயே பிரித்தெடுத்துக் கொடுக்கட்டும்.