ஒழுகும் இடம் வேறு, ஓட்டை வேறு!
மழைக்கு முன்னே மாடியை நீங்களே சோதிக்கலாம்

ஐப்பசி பிறந்தால் அடைமழைதான். மாடியில் விழுந்த மழை கூடத்தில் சொட்டுகிறது. சொட்டும் இடத்தில் ஒரு வாளி. அதற்குப் பக்கத்தில் ஒரு குண்டான். பாயைச் சுருட்டிக்கொண்டு குழந்தைகள் ஒரு மூலையில் ஒதுங்குகிறார்கள். வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தபடியே இரவைக் கழிக்கிறார்.

மறுநாள் வெயில் அடிக்கிறது. அவர் என்ன செய்கிறார்? கொஞ்சம் சிமெண்டைக் குழைக்கிறார். கீழே சொட்டிய இடத்துக்கு நேர் மேலே, மாடியில் பூசுகிறார். “அடைத்தாயிற்று!” என்று கையைக் கழுவுகிறார்.

அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடியும் சொட்டுகிறது.

சிமெண்டு மோசமா? இல்லை. பூசிய கை மோசமா? அதுவும் இல்லை. பூசிய இடம்தான் தப்பு.

தண்ணீர் போகும் கள்ள வழி

மாடித் தளம் ஒரே கட்டியாக இல்லை. அதில் அடுக்குகள் இருக்கின்றன. நம் ஊரில் பல வீடுகளில் அடியில் இருப்பது கம்பி கட்டிய கான்கிரீட். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அதற்கும் மேலே தட்டோடு.

இரண்டு தட்டோடுகளுக்கு நடுவே சாந்து பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். ஜல்லித் தளத்தில் ஊறும். கீழே கான்கிரீட் தடுக்கும். உடனே சொட்ட வழியில்லை. ஆகவே கான்கிரீட்டின் மேலேயே ஊர்ந்துபோகும். வழியில் எங்காவது ஒரு விரிசல் கிடைத்தால் அங்கே கீழே இறங்கும். உள்ளே போன இடத்துக்கும் சொட்டும் இடத்துக்கும் நடுவே 10 அடி தூரம்கூட இருக்கலாம்.

மின்விசிறி மாட்டியிருக்கும் இடத்திலும் விளக்குப் பெட்டியிலும் தண்ணீர் சொட்டுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். “விசிறிக்கு நேர் மேலே ஓட்டையே இல்லையே!” என்று திகைப்பார்கள். கான்கிரீட்டுக்குள் மின்சாரக் கம்பி போகும் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. தண்ணீருக்கு அது ராஜபாட்டை! எங்கோ புகுந்த தண்ணீர் அந்தக் குழாய் வழியே ஓடி வந்து, விசிறிக் கொக்கியில் இறங்குகிறது.

இப்படிச் சொட்டினால் விசிறியைப் போடாதீர்கள். விளக்கையும் தொடாதீர்கள். மெயின் சுவிட்ச் இருக்கும் இடம் உலர்ந்திருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். அங்கேயே ஈரம் என்றால் கிட்டே போகவேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்த பிறகே மறுபடியும் போடலாம்.

காரை ஏன் விழுகிறது?

“கொஞ்சம் சொட்டினால் என்ன? வாளி வைத்தால் போகிறது” என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமெண்டில் உள்ள காரத்தன்மை அதற்குக் காவல். ஆண்டுக்கணக்கில் ஈரமும் காற்றும் உள்ளே போகப்போக அந்தக் காவல் போய்விடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பருமன். தனக்கு இடம் வேண்டும் என்று கான்கிரீட்டை நெம்புகிறது. முதலில் கம்பி போகும் வழியில் ஒரு நீள விரிசல் தெரியும். அடுத்து பழுப்பு நிறக் கறை. அதன்பின் ஒருநாள் காரை பெயர்ந்து கீழே விழுகிறது.

“தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது மேற்கூரைக் காரை விழுந்தது” என்ற செய்தி மழைக்காலங்களில் வருகிறதே, அதன் வரலாறு இதுதான். விழுவது ஒரு நொடியில். விழுவதற்கான வேலை நடந்தது பல வருஷங்களாக!

கையில் எடுக்கவேண்டியது துடைப்பம்

ஆகவே, வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன்பே, ஆவணி, புரட்டாசியிலேயே மாடிக்கு ஏறிப் பாருங்கள். சிமெண்டு இப்போது வேண்டாம். துடைப்பம் போதும்.

மாடியை முழுக்கப் பெருக்குங்கள். தண்ணீர் வெளியே போகும் துளைகளைப் பாருங்கள். வேப்பிலைச் சருகு, பிளாஸ்டிக் பை, பழைய பந்து எல்லாம் அங்கே கிடக்கும். எடுத்து எறியுங்கள். துளையின் வாயில் கம்பி வலை வையுங்கள்.

இது அற்ப வேலை என்று நினைக்கவேண்டாம். கணக்குப் பாருங்கள். 600 சதுர அடி மாடியில் ஓர் அங்குலம் தண்ணீர் தேங்கினால் அதன் எடை சுமார் 1,400 கிலோ! துளை அடைபட்டு 4 அங்குலம் தேங்கினால்? ஐந்தரை டன்னுக்கு மேல். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அப்படிப்பட்ட மழையில் அடைபட்ட மாடி ஒரு குளம்தான்.

பெருக்கியபின் ஒரு வாளித் தண்ணீரை மாடியின் மேட்டில் ஊற்றுங்கள். அது துளையை நோக்கி ஓடவேண்டும். கொத்தனார்கள் இதை ‘வாட்டம்’ என்பார்கள். 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு இருந்தால் நல்லது. தண்ணீர் நடுவழியில் நின்றுவிட்டால் அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு மரக்கட்டையை எடுத்துக்கொண்டு தட்டோடுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். உறுதியான ஓடு ‘டொக்’ என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். அடியில் பிடிப்பு விட்ட ஓடு பானையைத் தட்டினதுபோல் ஒலிக்கும். அதற்கும் ஒரு வட்டம். பிள்ளைகளை இந்த வேலைக்கு விடலாம். அவர்களுக்குப் பெரியவர்களைவிடக் காது கூர்மை! கைப்பிடிச் சுவர் உயரமாக இல்லாத மாடி என்றால் மட்டும் அவர்களை ஏற்றாதீர்கள்.

சந்தேகப்படவேண்டிய இடங்கள்

தண்ணீர் புகும் இடம் பெரும்பாலும் மாடியின் நடுவில் இருக்காது. ஓரத்தில் இருக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையைக் குனிந்து பாருங்கள். வெயிலில் தளம் விரியும், இரவில் சுருங்கும். சுவர் அதோடு சேர்ந்து அசையாது. இரண்டும் பிரிந்து மயிரிழை போல விரிசல் விடும். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் அந்த மூலையைச் சதுரமாக விடாமல், சாந்தைச் சாய்த்து உருட்டாகப் பூசினார்கள். காரணம் இதுதான்.

குழாய் தளத்தைத் துளைத்துப் போகிற இடம் அடுத்தது. டிஷ் ஆண்டெனாவுக்காக மாடியில் போல்ட் அடித்திருக்கிறார்களா? ஆண்டெனாவைக் கழற்றிய பிறகும் அந்தத் துளைகள் அப்படியே இருக்கின்றனவா? தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து தினமும் ஒரே இடத்தை நனைக்கிறதா? இவை எல்லாம் சாக்கட்டி வட்டத்துக்கு உரியவை. சித்திரை வெயிலிலும் கூரையில் ஈரம் தெரிந்தால் மழைமீது பழி போடாதீர்கள். தொட்டியோ குழாயோ கசிகிறது.

சுவர் இடுக்கில் முளைத்திருக்கும் அரசங்கன்று, ஆலங்கன்று பற்றித் தனியே சொல்லவேண்டும். காக்கை போட்ட விதை அது. வேர் போகப்போகச் சுவர் பிளக்கும். மேலே வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும். வேரோடு எடுக்கவேண்டும். அரசமரத்தை அழிப்பதா என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால், சிறு கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்துக் குளக்கரையில் நட்டுவிடுங்கள். மரத்துக்கும் நல்லது, மாடிக்கும் நல்லது.

ஊற்றிப் பார்க்கும் சோதனை

வட்டம் போட்டாகிவிட்டது. இதில் உண்மையான குற்றவாளி எது?

உலர்ந்த நாளில், மாடியின் ஒரு சிறு பகுதியை மட்டும் களிமண் வரப்பு கட்டிப் பிரியுங்கள். அதில் ஓர் அங்குலம் தண்ணீர் விட்டு ஒருநாள் வைத்திருங்கள். கீழே கூரையில் ஈரம் படர்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். ஈரம் வந்தால் அதன் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, மணியையும் எழுதுங்கள். வராவிட்டால் அடுத்த பகுதி. பள்ளத்தில் தொடங்கி மேட்டுக்குப் போங்கள். மேட்டில் முதலில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் ஓடி உங்களை ஏமாற்றிவிடும். சுவர் மூலைகளைக் கடைசியாகப் பாருங்கள்.

மூன்று நான்கு நாள் பிடிக்கும். பொறுமை வேண்டும். மாடி முழுவதையும் ஒரேயடியாக நிரப்பிப் பார்க்காதீர்கள். பழைய வீட்டில் அது ஆபத்து. மேலே சொன்ன 1,400 கிலோவை மறக்கவேண்டாம். கம்பி தெரியும் கூரையில் இந்தச் சோதனையே கூடாது.

இனி அடைக்கலாம்

விரிசலில் இரண்டு வகை. ஒன்று, நின்றுபோன விரிசல். மற்றொன்று, இன்னும் அசையும் விரிசல். எப்படித் தெரிந்துகொள்வது? விரிசலுக்குக் குறுக்கே சிமெண்டால் ஒரு மெல்லிய பொட்டு வைத்து, தேதி எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பொட்டு பிளந்தால் விரிசல் அசைகிறது என்று அர்த்தம்.

நின்றுபோன விரிசலை உளியால் அரை அங்குல ஆழத்துக்கு, ஏர்ச்சால்போல் செதுக்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். தூசியைக் கம்பிப் புருசால் தேய்த்து, தண்ணீரால் கழுவுங்கள். ஒரு பங்கு சிமெண்டு, மூன்று பங்கு சலித்த மணல். பால் போன்ற ஒட்டுத் திரவம் இரும்புக் கடைகளில் கிடைக்கிறது. டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் அதையும் சேர்த்துக் குழைத்து, அழுத்தி அடையுங்கள். கையில் ரப்பர் உறை போடுங்கள். ஈரச் சிமெண்டு தோலைப் புண்ணாக்கும். வெயில் உடனே உறிஞ்சாமல் ஈரச் சாக்கு போர்த்துங்கள்.

அசையும் விரிசலுக்குச் சிமெண்டு பயன்படாது. எத்தனை முறை அடைத்தாலும் பிளக்கும். ரப்பர்போல இழுபடும் அடைப்புப் பசைதான் அதற்கு ஏற்றது. இடம் நன்றாக உலர்ந்திருக்கவேண்டும்.

மாடி முழுவதும் அடிக்கும் வெள்ளைப் பூச்சு? அது நல்லதுதான். வெப்பமும் குறையும். ஆனால் அது கடைசி வேலை. வாட்டம் சரியில்லாமல், விரிசலை அடைக்காமல், பாசியின்மேல் பூச்சு அடித்தால் பணம் போனதுதான் மிச்சம்.

பழைய ‘மெட்ராஸ் ஒட்டு’ வீடுகளுக்கு வேறு வைத்தியம். அங்கே கம்பி இல்லை. தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்திருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லித் தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்துகொடுக்கும். ஈரத்தை மூச்சாக வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உத்தரம் உளுத்துப்போகும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான்!

ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அதன்மேல் ஏறவே ஏறாதீர்கள். கால் வைத்தால் உடைந்து உள்ளே விழ நேரும். துளைப்பதோ அறுப்பதோ தேய்ப்பதோ கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

இங்கே நிறுத்துங்கள்

கூரையின் அடியில் துருக்கறை, வெளியே தெரியும் கம்பி, நடுவில் தொய்வு, தட்டினால் பொள்ளல் சத்தம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் அது உங்கள் வேலை அல்ல. அந்த அறையில் படுக்கவேண்டாம். கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

“மேலே ஒரு பூச்சு பூசிவிடுகிறேன், தெரியாது” என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். தெரியாமல் போவதுதானே ஆபத்து? சரியான வேலை இப்படி இருக்கும்: முதலில் கூரைக்கு முட்டு கொடுப்பார்கள். தளர்ந்த கான்கிரீட்டை எல்லாம் எடுப்பார்கள். கம்பியைப் பளபளவென்று தேய்ப்பார்கள். தேய்ந்த கம்பிக்குப் புதுக்கம்பி சேர்ப்பார்கள். துரு தடுக்கும் பூச்சு கொடுத்த பிறகே மறுபடியும் கான்கிரீட் போடுவார்கள். இதில் ஒன்றை விட்டால் ‘ஏன்?’ என்று நீங்கள் கேட்கலாம்.

எல்லாம் முடிந்து முதல் மழை பெய்கிற அன்று, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சுற்றி வாருங்கள். பழைய பென்சில் கோட்டைப் பாருங்கள். ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னொரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். கொத்தனார் வந்ததும் முதலில் அதைத்தான் அவருக்குக் காட்டவேண்டும்.